கரண்ட் போன பிறகும் நிற்காத தாளம்

தீபாவளி விடியற்காலையில் மயிலாப்பூரில் யாரும் தூங்க முடியாது. நாங்கள் குடியிருந்த தெரு அவ்வளவு குறுகல். எதிர் வீட்டில் சரம் கொளுத்தினால் எங்கள் வீட்டு ஜன்னல் கதவு ஆடும். அந்த வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் வாசலிலேயே அணுகுண்டு வைத்தார். நான் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டேன். பக்கத்துப் போர்ஷன் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. என் பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. ஜன்னலுக்கு அடியில் பாயில் படுத்திருந்தவன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

"பாரு, சிங்கக்குட்டி! துளி பயம் இருக்கா?" என்றார் என் மாமனார்.

சிதறிய எண்ணெயைத் துடைக்கிற சாக்கில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வெடிக்கு அவன் கண் இமையைப் பார்த்தேன். அதற்கடுத்த வெடிக்கும் பார்த்தேன். அவன் நன்றாக மூச்சு விட்டுத் தூங்கினான்.

வீட்டில் மாமனார், என் கணவர், நான், குழந்தை, அவ்வளவுதான். மாமியார் எனக்குக் கல்யாணமாகும் முன்பே போய்விட்டார். நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். குழந்தைகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது எனக்குப் பழகிய விஷயம். ஆனால் கேட்காத பிள்ளைகூடக் கூப்பிட்டால் ஒரு தரம் திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்க்கும். இவன் அதையும் செய்வதில்லை.

கணவரிடம் சொன்னேன். "ஏன் இப்படி அலட்டிக்கறே? எங்க சித்தப்பா நாலு வயசுலதான் பேசினார். இப்ப நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டார்" என்றார். அந்தச் சித்தப்பாவை எனக்குத் தெரியும். அந்த மட்டில் அவர் சொன்னது உண்மைதான். லஸ் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் குழந்தை டாக்டரும் அதையே கொஞ்சம் இங்கிலீஷில் சொன்னார். ஆண் குழந்தை, வீட்டில் ஒரே குழந்தை, பேச்சு மெதுவாகத்தான் வரும் என்றார். அவன் முகத்துக்கு நேராகக் கையைத் தட்டினார். அவன் சிரித்தான். முகத்துக்கு நேராகத் தட்டினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. வெளியே இன்னும் பாதித் தெரு காத்திருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் டாக்டரைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருந்தது. அதுதான் தாளம்.

மாமனார் பாட மாட்டார், வாசிக்கவும் மாட்டார். கேட்பார். டிசம்பர் மாதம் முழுக்க அவருக்குச் சாப்பாடே சபா கேன்டீனில்தான். மற்ற மாதங்களில் சாயங்காலம் ரேடியோ முன்னால் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் பிள்ளை அவர் காலடியில் உட்கார்ந்து தன் குட்டித் தொடையில் தட்டுவான். விரல் எண்ணத் தெரியாது. தட்டுவதும் கையைப் புரட்டுவதும் மட்டும்தான். ஆனால் மாமனார் தட்டும்போது தட்டுவான், அவர் புரட்டும்போது புரட்டுவான்.

இது தெரு முழுக்கப் பரவிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் காபிக்கு முன்னால் ஒரு தடவை இதைப் பார்த்தாக வேண்டும். "ரெண்டு வயசு ஆகலை, ஆதி தாளம் விடறதில்லே! இவனைப் போய்க் காது கேக்கலைன்னு சொல்றாளே, இவளை என்ன சொல்றது?" என்று மாமனார் என்னைக் காட்டி அவர்களிடம் சிரிப்பார். அவர்களும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் டபராவைக் கொண்டு வந்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும். அதே சமயம், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கவேண்டும் என்று பகவானை வேண்டிக்கொள்வேன். தாளம் போடுகிறானே, கேட்காமல் எப்படிப் போடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கிய நாட்கள் உண்டு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவன் முதுகுக்குப் பின்னால் சாவிக் கொத்தை ஆட்டிப் பார்ப்பேன். சில நாள் திரும்புவான். திரும்பிய நாள் முழுக்க நான் நன்றாகச் சமைப்பேன்.

மாமனாருக்கு ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. கச்சேரி நடுவில் கரண்ட் போனால் அவர் தாளத்தை நிறுத்த மாட்டார். ரேடியோ அடங்கிப்போயிருக்கும், மின்விசிறி நின்றிருக்கும், கொசு பிடுங்கும். அவர் கண் மூடியபடியே போட்டுக்கொண்டிருப்பார். பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தால், அதே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், தன் கை சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால் அன்றைக்கு அவரைக் கையில் பிடிக்க முடியாது. விழாவிட்டால் பாடகர் தடுமாறிவிட்டார் என்பார். பழைய ரசிகர்களுக்குள் இதெல்லாம் ஒரு பந்தயம்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்த கோடை. ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. நான் சமையலறையிலிருந்து விசிறியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வாசல் பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமனார் கண்ணை மூடித் தட்டிக்கொண்டிருந்தார். என் பிள்ளையும் தட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் சிரிப்புதான் வந்தது. தாத்தாவுக்கேற்ற பேரன் என்று நினைத்தேன். பிறகு கால் அங்கேயே நின்றுவிட்டது. மாமனாருக்கு மனசுக்குள் பாட்டு ஓடுகிறது, தட்டுகிறார். இவனுக்கு எது ஓடுகிறது? இரண்டு வயதுக் குழந்தை பாட்டு நின்றதும் நிமிர்ந்து பார்க்க வேண்டாமா? ரேடியோவைத் தட்டிப் பார்க்க வேண்டாமா? கொஞ்சம் நகர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். அது மாமனாரின் கையிலேயே இருந்தது. கை போகும்போது கண் போயிற்று, கை புரளும்போது இவன் கை ஒரு இழை பிந்திப் புரண்டது. பாட்டு இருந்தபோதும் இப்படித்தான் போட்டிருக்கிறான். பாட்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

கரண்ட் வந்தது. "சரியா விழுந்தது பாத்தியா!" என்று மாமனார் கத்தினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தாளம் போட வைப்பார்கள். அவனும் போடுவான்.

புதன்கிழமை கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஊசி போடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை. எங்களுக்கெல்லாம் லஸ் டாக்டர்தான். ஆனால் என் மாமனாரைத் தெரியாத ஒருவரிடம் நான் கேட்க வேண்டியிருந்தது. தி.நகருக்குப் போய் ஜாக்கெட் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போடும் நர்ஸ் அட்டையைக் கேட்டார். என்னிடம் அட்டை இல்லை.

"ஊசி போட வரலை. இவனுக்குக் காது கேக்கறதான்னு தெரியணும்" என்றேன். அதை வாய்விட்டு ஒரு வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா. பெரியாஸ்பத்திரில காது டிபார்ட்மென்ட்ல ரூம் இருக்கு, அங்க மிஷின் வெச்சுப் பாப்பாங்க. கேக்கலைன்னா அடையாறுல ஒரு இடம் இருக்கு, சின்னப் புள்ளைங்களுக்கு மிஷின் மாட்டிப் பேசக் கத்துக் குடுக்கறாங்க. என்னா வயசு?"

"ரெண்டு முடிஞ்சுடுத்து."

"மூணுக்குள்ள போயிடுங்க. லேட்டா இட்டுனு போனவங்கள்லாம் அழுதுனு வந்து நிக்கறாங்க. மத்தபடி டாக்டரைக் கேட்டுக்கங்க" என்று அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

மூணுக்குள்ள. இந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில், குழாயடியில், அரிசி களையும்போது, எங்கேயும் அதுதான். ஜாக்கெட் துணி வாங்காமலேயே வீட்டுக்குப் போனேன். கலர் சரியாக இல்லை என்றேன்.

கணவரிடம் அன்றைக்குச் சொல்லிவிட்டேன். கரண்ட் போனதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "அப்பாகிட்ட இப்ப சொல்லாதே" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் கொஞ்சம் தைரியமும் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் முதல் தடவை போனபோது மிஷின் ரிப்பேர் என்றார்கள். அடுத்த வாரம் மிஷின் சரியாகிவிட்டது, பார்க்கிற அம்மா லீவு. அதற்கடுத்த தடவை எல்லாம் இருந்தது, என் பிள்ளைக்கு ஜலதோஷம். மூக்கடைப்போடு பார்த்தால் சரியாக வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து அவனுடைய வயதைக் கணக்குப் போடுவேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஜலதோஷத்தைத் திட்டினேன்.

அந்த பெஞ்சில்தான் சாந்தோம் குப்பத்துப் பெண் ஒருத்தி பழக்கமானாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை, தலையில் ரெட்டைப் பின்னல்.

"இன்னாக்கா, உன் புள்ளைக்கும் காதா?" என்றாள், பஸ் எந்த நம்பர் என்று கேட்கிற மாதிரி.

"தெரியலை. பாக்கத்தான் வந்திருக்கேன்."

"எனுக்குத் தெரிஞ்சே போச்சு. கேக்கலை. அலை சத்தத்துலயே பொறந்துக்கீது, அதான் காது மந்தம்னு எங்க மாமியாரு சொல்லிக்கினு கீது. அத்த நம்பி குந்திக்கினு இருந்துட்டேன். இப்ப டாக்டரம்மா கிழி கிழின்னு கிழிக்குது." அவள் பெண்ணின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள். அவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை. அவள் வீட்டில் அலை, என் வீட்டில் ஆதி தாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார்கள். சுவர் முழுக்கத் துளைத்துளையாகப் பலகை அடித்த சின்ன அறை. கதவை மூடியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. குட்டி மேஜையில் குழந்தைக்கு விளையாட ஒரு கம்பியும் மர வளையங்களும் கொடுத்து, எதிரே என்னை உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"சத்தம் வரும்மா. நீங்க அசையக் கூடாது. புருவத்தைக்கூடத் தூக்காதீங்க. பசங்க அம்மா மூஞ்சியப் பாத்துட்டே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவாங்க."

எனக்குப் பின்னாலிருந்த பெட்டியிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. அவன் நிமிராமல் வளையத்தைக் கம்பியில் போட்டான். கொஞ்சம் பெரிதாக வந்தது. இன்னொரு வளையம். அதற்கடுத்தது எதிர்பாராமல் வந்ததால் என் தலை தானாகவே திரும்பிவிட்டது. அவனும் சட்டென்று நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தான். "பாத்துட்டான்!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க பாத்தீங்க, அதான் அவன் பாத்தான்" என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் குரல். "மறுபடி ஆரம்பிக்கலாம்மா."

நான் மேஜைக்கு அடியில் என் இரண்டு கைகளையும் நெரித்துக்கொண்டேன். சத்தம் ஏறியது. அதற்கு மேலும் ஏறியது. என் பல் கூசியது. உடம்பு எழுந்து ஓடச் சொல்லிற்று. நான் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்புடா, ஒரே ஒரு தரம் திரும்புடா என்று மனசுக்குள் அலறினேன். அவன் சிவப்பு வளையத்துக்கு மேல் பச்சை வளையத்தைப் போட்டுவிட்டு, சரியா என்பது போல் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

டாக்டர் அம்மா சுருக்கமாகப் பேசினார். ரொம்பப் பெரிய சத்தம் கொஞ்சம் கேட்கும், பேச்சுக் கேட்காது. மருந்து இல்லை. மிஷின் மாட்டிப் பழக்கினால் பேச்சு வரலாம், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. "இன்னும் நேரம் இருக்கு. ஆனா வீட்டுல எல்லாரும் ஒத்துக்கட்டும்னு காத்திருக்காதீங்க" என்றார். என் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி அவர் இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லா வீடும் அப்படித்தான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் சொன்னேன். கணவர் பக்கத்தில் நின்றார், அதற்காக அவரை நான் பல விஷயங்களில் மன்னித்திருக்கிறேன்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில எவளோ சொன்னாளாம், நீங்க ரெண்டு பேரும் நம்பிண்டு வந்து நிக்கறேள். இவன் தாளம் போடறது பொய்யா?"

"பொய்யில்லேப்பா. உங்க கையைப் பாத்துப் போடறான். கரண்ட் போனப்பவும் போட்டான். நான் பாத்தேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கரண்ட் போன பிறகும் பாட்டை மனசுக்குள் ஓட்டித் தாளம் போட்டவர் அவர் ஒருவர்தான், அதனால் நான் சொன்னதற்கு அவரைத் தவிர வேறு யாருக்கும் முழு அர்த்தம் புரிந்திருக்காது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை கூடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சோடா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மாமனார் அவனுக்குப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. "கண்ணா" என்று கூப்பிட்டார். பிறகு வீட்டில் நாங்கள் அவனைக் கூப்பிடும் செல்லப் பேர்கள் ஒவ்வொன்றாக. பிறகு அவனுக்கு வைத்த பேர். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. தெருவில் போன கீரைக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவன் கடைசி மூடியை வைத்தான், அடுக்கு சரிந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். மாமனார் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புளித் தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றார். "அடையாறுக்கு எந்த பஸ்?" என்று கேட்டார்.

இருபத்தொன்பது சி. அதில்தான் நாங்கள் எல்லோரும் போனோம். காதுக்குள் பசை மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுத்தார்கள். அன்றைக்கு அவன் உதைத்த உதையில் கணவரின் மூக்குக் கண்ணாடி போயிற்று. அச்சு வரும், மிஷின் வரும் என்று மறுபடி காத்திருந்தோம். வந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. மாட்டினாலும் கேட்காமல் போனால்? அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த சில குழந்தைகளுக்கு மிஷின் மார்பில் தொங்கியது, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அவர்களின் அம்மாக்களை நேராகப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாட்டுகிற நாள் வந்தது. சாந்தோம்காரியின் பெண்ணுக்கும் அன்றைக்குத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதைச் சட்டைக்கு மேல் பட்டை போட்டுக் கட்டினார்கள். அதிலிருந்து இரண்டு வயர் காதுக்குப் போயிற்று. டீச்சர் பெட்டியிலிருந்த சின்னச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மேஜைக்குக் கீழே ஒரு சின்ன மத்தளத்தைத் தட்டினார். அவன் வயரை இழுக்கப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் திருப்பினார், தட்டினார். ஒன்றும் இல்லை. என் கணவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் டீச்சரின் விரலையே பார்த்தேன். அது மறுபடி திரும்பியது.

தட்டினார். அவன் உடம்பு தூக்கிப் போட்டது. வாய் கோணியது, கண் விரிந்தது, பயந்துபோய் ஓவென்று அழ ஆரம்பித்தான். நான் அவனை வாரி எடுக்க எழுந்தேன். அதற்குள் அழுகை பாதியில் நின்றுவிட்டது.

அவன் பக்கத்தில் யாரையோ தேடினான். டீச்சரைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். யாரும் அழவில்லை. மறுபடி மெதுவாக, கொஞ்சம் சந்தேகத்தோடு, "ஆ" என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். கையை வாயில் வைத்துப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பலமாக ஆரம்பித்தான்.

"அழுவட்டும் வுடுக்கா" என்றாள் சாந்தோம்காரி. அவளுடைய பெண் இன்னும் எதற்கும் திரும்பவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்து உட்காருங்கள் என்று கை காட்டினார். நான் உட்கார்ந்தேன். பயத்தில் அழுதானோ, தன் குரலைக் கேட்பதற்காக அழுதானோ, அவன் விட்டுவிட்டு அழுதுகொண்டே இருந்தான். அன்று நாங்கள் யாரும் அவனைச் சமாதானம் செய்யவில்லை.